கோடை முடியுமுன் காரை எங்கே விடுவது? ரொறன்ரோ நகரசபைக்கும் விழா அமைப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ரொறன்ரோ நகரசபை உறுப்பினர்களுக்கும், நகரத் தரிப்பிட அதிகாரசபையினருக்கும், கோடை விழாக்களை நடத்துகிற அமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஆகஸ்ட் பாதி கடந்துவிட்டால் இந்த நகரத்துக்கு ஒரு அவசரம் வந்துவிடுகிறது. செப்டெம்பரின் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினம், மறுநாள் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். இடையில் இருப்பது இரண்டு மூன்று சனி ஞாயிறுகள்தான். அந்த நாட்களுக்குள் எக்ஸ் என்று எல்லோரும் செல்லமாகச் சொல்லும் கனடியத் தேசியக் கண்காட்சி வருகிறது, விமானக் காட்சி வருகிறது, மார்க்கம் வீதியில் நம் தமிழர் தெருவிழா வருகிறது. பள்ளி தொடங்கிய கையோடு கிங் வீதியை அடைத்துத் திரைப்பட விழா. ஏழெட்டு மாதங்கள் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்த ஒரு நகரம், வெயில் போவதற்குள் ஒன்றாகக் கூடி நிற்க விரும்புகிறது. அந்த ஆசைக்காகவே எனக்கு இந்த ஊர் பிடிக்கும்.

அந்தக் கூட்டத்தில் நாங்களும் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கும் குடும்பங்களுக்கு, விழாவுக்குப் போவதா இல்லையா என்பதை மேடையில் யார் பாடுகிறார்கள் என்பது முடிவு செய்வதில்லை. காரை எங்கே விடுவது என்ற கேள்விதான் முடிவு செய்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் எத்தனையோ வீடுகளில் சனிக்கிழமைத் திட்டம் தேநீரோடு முடிந்துவிடுகிறது. "பிள்ளைகளே, அடுத்த வருசம் போவம்" என்று அம்மாமார் சொல்வதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

பஸ்ஸில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சரி, அதையே முதலில் பேசுவோம்.

1985இல் ஓடத் தொடங்கிய ஸ்காபரோ ஆர்.ரி. ரயில், 2023 ஜூலை 24ஆம் தேதி ஒரு பெட்டி தடம் புரண்ட பிறகு திரும்ப ஓடவில்லை. அந்த வருட நவம்பரில் எப்படியும் நிறுத்துவதாகத்தான் இருந்தது. ஆனால் விபத்து முந்திக்கொண்டது. அதற்குப் பதிலாக பஸ்கள் விட்டீர்கள். சுரங்க ரயிலை ஸ்காபரோ சென்டர் வழியாக ஷெப்பர்ட், மக்கோவன் சந்திவரை நீட்டும் வேலை நடக்கிறது. 7.8 கிலோமீற்றர், மூன்று நிலையங்கள். அது ஓடத் தொடங்கும்போது இன்று தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். அதுவரை ஸ்காபரோவின் வடகிழக்கில் உள்ள மல்வேர்னில் இருந்து எக்ஸுக்குப் போவது என்றால் ஒரு பஸ், பிறகு சுரங்க ரயில், பிறகு தெருரயில். இளைஞர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முழங்கால் நோவுள்ள அம்மம்மா, தூங்கிவிழும் மூன்று வயதுக் குழந்தை, சாப்பாட்டுப் பை, மாற்றுடுப்பு, மடிக்கிற கதிரை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு இரவு பத்து மணிக்கு அதே வழியில் திரும்பி வருகிற ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். எங்கள் வீடுகளில் விழாவுக்குப் போவது என்றால் மூன்று தலைமுறையும் சேர்ந்து போவதுதான். கார் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிப் போக இருக்கிற ஒரே வழி அது.

அதற்கு மேல், கோடையின் சனி ஞாயிறுகளிலும் சுரங்க ரயிலின் ஏதாவது ஒரு பகுதியைப் பராமரிப்புக்காக மூடுகிறார்கள். தண்டவாளத்தைப் பழுதுபார்க்காமல் விட முடியாது, அது புரிகிறது. ஆனால் எந்தச் சனி ஞாயிறு என்று தீர்மானிக்கும்போது விழா நாட்காட்டியும் அதே மேசையில் இருக்க வேண்டும். எக்ஸ் 18 நாட்கள் நடக்கிறது, தொழிலாளர் தினத்தன்று முடிகிறது. 1879இல் தொடங்கிய கண்காட்சி. எந்த நாட்களில் வரும் என்று யாரும் ஊகிக்கத் தேவையில்லை. ஏறத்தாழ 15 இலட்சம் பேர் வந்துபோகிற அந்தப் 18 நாட்களில், நகர மையத்தில் உள்ள யூனியன் நிலையத்துக்குப் போகும் பாதையை மூட வேண்டாம் என்று கேட்பது பெரிய கேள்வி இல்லை என்று நினைக்கிறேன்.

இனித் தெருவிழாவுக்கு வருகிறேன், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் முழுதாகத் தெரிகிறது.

2015இல் தொடங்கிய தமிழர் தெருவிழாவுக்காக மார்க்கம் வீதியில் மக்னிக்கலில் இருந்து பாஸ்மோர் வரை வாகனங்களை நிறுத்தி, நடு வீதியைச் சனங்களுக்குக் கொடுப்பார்கள். மற்ற நாட்களில் லொறியும் பஸ்ஸும் இரைந்து போகிற அந்த அகலமான சாலையில் அன்றைக்குப் பறை கேட்கும். கொத்து ரொட்டி போடுகிறவரின் இரண்டு தகடுகளும் கல்லில் விழுகிற சத்தம் பாதி வீதிக்குக் கேட்கும். அந்தத் தாளத்துக்கு இரண்டு சின்னப் பையன்கள் கடை முன்னாலேயே ஆடிக்கொண்டு நிற்பார்கள். வேட்டி கட்டிய தாத்தா ஒருவர் நடு வீதியில் மஞ்சள் கோட்டின் மேல் நின்று, தன் ஊர்க்காரர் யாரையோ நாற்பது வருடம் கழித்துக் கண்டு கையைப் பிடித்தபடி விடாமல் பேசிக்கொண்டிருப்பார். தமிழ் தெரியாத பிலிப்பினோக் குடும்பம் ஒன்று பக்கத்தில் வடை வாங்கிக்கொண்டு நிற்கும். அந்த வீதி எங்களுடையதுதான் என்று நினைக்க வைக்கிற நாள் அது.

ஆனால் வீதியை மூடியவுடன் இன்னொன்றும் நடக்கிறது. மார்க்கம் வீதியில் ஓடுகிற 102ஆம் இலக்க பஸ், விழா நடக்கிற அந்தத் துண்டில் ஓட முடியாது, சுற்றிப் போக வேண்டும். அதாவது, பஸ்ஸில் வாருங்கள் என்று நீங்கள் சொல்கிற விழாவுக்குப் போகிற பஸ்ஸையே விழா திசை திருப்பிவிடுகிறது. சுற்றுப் பாதையில் எங்கே இறங்கலாம், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை விழாவுக்கு முதல் வாரமே படம் போட்டுத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னால், பாதிப் பேர் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். யாரும் சொல்லாதபடியால் எல்லோரும் காரில் வருகிறார்கள். வந்து, சுற்றியிருக்கும் குடியிருப்புத் தெருக்களுக்குள் நுழைகிறார்கள்.

அந்தத் தெருக்களில் இருப்பவர்களும் எங்கள் ஆட்கள்தான். தங்கள் டிரைவ்வேயின் வாயில் பாதி மறித்து நிற்கிற காரைப் பார்த்து, யாருடையது என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கும் ஐயாவை நான் கண்டிருக்கிறேன். அவருக்கு மருந்துக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. அவர் யாரையும் ஏசவில்லை. வாசலில் கதிரையைப் போட்டுக் காத்திருந்தார். விழாவுக்கு வந்தவருக்கும் அவருக்கும் பகை ஏற்பட எந்த நியாயமும் இல்லை. இரண்டு பேரையும் அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது திட்டமில்லாமைதான்.

ரொறன்ரோவில், பலகை எதுவும் இல்லாத தெருவில்கூட மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது என்பது விதி. தெருவிழாவுக்கு வந்த எந்தக் குடும்பம் மூன்று மணி நேரத்தில் திரும்பும்? தீயணைப்புக்கான நீர்க்குழாய்த் தூணுக்கு மூன்று மீற்றருக்குள் நிறுத்தக் கூடாது, சந்திக்கு ஒன்பது மீற்றருக்குள் நிறுத்தக் கூடாது. இவை பாதுகாப்புக்கான விதிகள், இருக்கத்தான் வேண்டும். ஆனால் இருட்டுகிற நேரத்தில், அறிமுகமில்லாத தெருவில், பின்னால் நாலு கார் நெருக்கிக்கொண்டு நிற்க, ஒன்பது மீற்றரை எந்தச் சாரதி அளந்து பார்ப்பார்?

நகரின் மையத்துக்குப் போனால் இன்னும் கடினம். எக்ஸ் நடக்கும் இடத்துக்கு வடக்கே உள்ள பழைய தெருக்களில் ஒரு கம்பத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு பலகை: காலை, மாலை நெரிசல் நேரத்தில் நிறுத்தக் கூடாது. அதன் கீழே இன்னொன்று: ஒரு மணி நேரம் மட்டும். அதற்கும் கீழே: நள்ளிரவு 12:01 முதல் காலை 7 மணி வரை அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும். சில தெருக்களில் நான்காவதும் உண்டு. ஏப்ரல் முதலாம் தேதியில் இருந்து நவம்பர் 30 வரை, மாதத்தின் முதல் பதினைந்து நாட்கள் தெருவின் ஒரு பக்கம், பதினாறாம் தேதியில் இருந்து மறு பக்கம். ஆகஸ்ட் 16ஐச் சுற்றி எக்ஸ் தொடங்குவதை யோசித்துப் பாருங்கள். போன வாரம் நண்பர் நிறுத்திய இடம் இந்த வாரம் தவறான பக்கமாகிவிடும். அங்கேயே குடியிருப்பவருக்கு இது பழக்கம். வருடத்தில் ஒரு தடவை வருகிறவருக்கு அந்தக் கம்பம் ஒரு பரீட்சை. அதில் தோற்றால் கண்ணாடியில் ரிக்கெற்.

2024 ஆகஸ்டில் தண்டப்பணத்தையும் கூட்டினீர்கள். பணம் கட்டாமல் வீதியில் நிறுத்தினால் 30 டொலராக இருந்தது 50 டொலர் ஆனது. வேண்டுமென்று விதியை மீறுகிறவருக்கு அது சரியான தண்டனை. தொழிற்சாலையில் மணித்தியாலச் சம்பளத்துக்கு நிற்கிறவருக்கு, பலகையைச் சரியாக வாசிக்காததற்கு 50 டொலர் என்றால் சில மணி நேர உழைப்பு போகிறது. அவர் அடுத்த வருடம் வரமாட்டார். வராதவர்களை எந்தக் கணக்கெடுப்பிலும் நீங்கள் காணமாட்டீர்கள்.

உங்களிடம் நான் கேட்க வந்தது இதுதான். புதிதாக ஒரு தரிப்பிடமும் கட்ட வேண்டாம். நகரில் புதிய கட்டடங்களுக்கு இத்தனை தரிப்பிடம் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2021 டிசம்பரில் பெரும்பாலும் நீக்கினீர்கள். அது நல்ல முடிவு என்றே நான் நம்புகிறேன். தாரைக் கொட்டி நகரத்தை நிரப்பினால் கார்தான் கூடும். நான் கேட்பது, ஏற்கெனவே தாரிட்டு, கோடு போட்டு, சனி ஞாயிறுகளில் ஆளில்லாமல் கிடக்கிற இடங்களை விழா நாட்களில் திறந்துவிடுங்கள் என்பதுதான்.

ஸ்காபரோவில் அப்படிப்பட்ட இடத்துக்குப் பஞ்சமே இல்லை. அலுவலகக் கட்டடங்களின் முன்னால், கல்லூரி வளாகங்களில், பள்ளிக்கூடங்களின் பக்கத்தில், மார்க்கம் வீதியைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் எல்லாம் சனிக்கிழமை பின்னேரம் வெறும் கோடுகள்தான் கிடக்கின்றன. நகரத்துக்கே சொந்தமான இடங்களும் உண்டு. பள்ளிகள் கல்விச் சபைகளின் கையில் இருப்பதும், தொழிற்பேட்டைகள் தனியாருக்குச் சொந்தம் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு தெருவிழாவுக்கு வீதியை மூட அனுமதி கொடுக்கும்போது பொலிஸ், தீயணைப்பு, குப்பை, மருத்துவ உதவி எல்லாவற்றுக்கும் திட்டம் கேட்கிறீர்கள். வருகிற சனங்களின் கார் எங்கே நிற்கும், அங்கிருந்து அவர்கள் எப்படி வருவார்கள் என்பதற்கும் அதேபோல ஒரு திட்டம் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்காமல், அந்த இடங்களின் சொந்தக்காரர்களோடு நகரமே பேசுங்கள். தொண்டர்களை வைத்து விழா நடத்தும் ஒரு சமூக அமைப்பு கல்விச் சபையின் கதவைத் தட்டுவதற்கும், நகரசபை தட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. காப்புறுதிக் கடிதம் ஒன்றுக்காகவே பல நல்ல யோசனைகள் நின்றுபோகின்றன. அந்தக் கடிதத்தை நகரம் பொறுப்பேற்றால் பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டு கிலோமீற்றர் தள்ளிக் காரை விட்டாலும் பரவாயில்லை. அங்கிருந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் சுற்றிச் சுற்றி ஓடினால் போதும். இரவு விழா முடிந்து கடைசி ஆள் போகும்வரை அது ஓட வேண்டும். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். போகிற பஸ் இருந்து, வருகிற பஸ் இல்லாவிட்டால் ஒருமுறை ஏமாந்தவர்கள் மறுமுறை காரோடுதான் வருவார்கள்.

நகரத் தரிப்பிட அதிகாரசபையினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1952இல் இருந்து இந்த நகரத்தின் தரிப்பிடங்களை நடத்திவருகிறீர்கள். பச்சை வட்டத்துக்குள் பி எழுத்தைக் கண்டால், இங்கே நியாயமான விலை இருக்கும், ஏமாற்று இருக்காது என்று சனங்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. அந்த நிம்மதி சும்மா வந்ததில்லை, உங்கள் உழைப்பால் வந்தது. நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் நேத்தன் பிலிப்ஸ் சதுக்கத்துக்குக் கீழே உள்ள உங்கள் நிலத்தடித் தரிப்பிடம் எவ்வளவு பெரியது என்பதே எங்கள் பகுதியில் பலருக்குத் தெரியாது. நகர மையத்தில் விழா என்றால், விழா நடக்கும் தெருவிலேயே இடம் தேடிச் சுற்றாமல் அங்கே விட்டுவிட்டுத் தெருரயிலிலோ நடந்தோ போகலாம் என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். விழா நாட்களில் எந்தத் தரிப்பிடத்துக்கு எவ்வளவு என்பதை ஒரு வாரம் முன்பே ஒரே பட்டியலாக வெளியிடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், விழா நாட்களில் சில தனியார் இடங்களில் விலை மணிக்கு மணி மாறுகிறது. காலையில் அட்டையில் கையால் எழுதிய ஒரு எண், பின்னேரம் அதன் மேல் இன்னொரு அட்டை. கடனட்டை வேண்டாம், காசுதான் வேண்டும் என்கிறார்கள். ரசீது கேட்டால் சிரிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி ஒரு இடத்தில் முழுப் பணமும் கட்டிவிட்டு, திரும்பி வரும்போது காருக்கு முன்னால் இரண்டு வரிசை கார் அடைத்து நிற்க, கடைசிக் கார் எடுக்கப்படும்வரை நள்ளிரவு தாண்டிக் காத்திருந்தது. பிள்ளைகள் பின்சீற்றில் தூங்கிவிட்டார்கள். காசு வாங்கியவரை அங்கே காணவில்லை. விலையை எழுதி வைக்க வேண்டும், மாற்றக் கூடாது, ரசீது கொடுக்க வேண்டும், வெளியே எடுக்க முடியாதபடி அடைக்கக் கூடாது. விழா நாட்களில் தற்காலிகமாகத் தரிப்பிடம் நடத்துகிற எவருக்கும் இந்த நாலு விதியையாவது கட்டாயமாக்குங்கள். அதைப் பார்க்க ஒரு அதிகாரியை அனுப்புங்கள். தெருவில் ரிக்கெற் எழுத ஆள் இருக்கும்போது இதற்கும் ஆள் இருக்கும்தானே.

அங்கவீனமுற்றவர்களின் விடயம் இன்னும் கனமானது. அனுமதி அட்டை உள்ளவர்கள் வீதியோரக் கட்டண இடங்களில் பணம் கட்டத் தேவையில்லை என்று நகரம் விதி வைத்திருக்கிறது. மனிதத்தன்மையுள்ள விதி, அதற்கு நன்றி. ஆனால் விழாவுக்காக வீதியை மூடும்போது முதலில் இல்லாமல் போவது அந்த வீதியோர இடங்கள்தான். சக்கர நாற்காலியில் இருக்கிறவருக்கு அன்றைக்குத்தான் அவை மிகவும் தேவை. மூடிய வீதியின் இரண்டு முனையிலும் இறக்கிவிடுகிற இடம் ஒன்று வேண்டும். தடுப்புக்குள்ளே ஒரு சிறு வளைவு, நிழலுக்கு ஒரு பந்தல், நாலு கதிரை, ஒரு தொண்டர். மகன் அம்மாவை அங்கே இறக்கிவிட்டு, அவரைத் தனியே தெருவில் நிற்கவிட்ட பயம் இல்லாமல் காரை விட்டுவிட்டு வர வேண்டும். இதற்கு ஆகிற செலவு மேடையில் கட்டுகிற ஒளிவிளக்கின் செலவில் ஒரு துளிகூட இருக்காது. விழா அமைப்பாளர்களே, உங்கள் அறிவித்தலில் பாடகரின் படத்துக்குப் பக்கத்தில் இந்த இடத்தின் படத்தையும் போடுங்கள். எங்கள் முதியவர்களில் எத்தனை பேர் வீட்டை விட்டு வெளியே வருவார்கள் என்று அப்போது பார்ப்பீர்கள்.

இருக்கிற நல்ல வழிகளையும் ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். எஜின்கோர்ட், மில்லிக்கன், கில்ட்வூட், ரூஜ் ஹில் போன்ற, நகரையும் சுற்றுப்புற ஊர்களையும் இணைக்கும் கோ ரயிலின் நிலையங்களில், ஒதுக்கி வைத்த இடங்களைத் தவிர மற்றவற்றில் காரை இலவசமாக விடலாம். சனி ஞாயிறும் ரயில் யூனியனுக்கு ஓடுகிறது. 2024 பெப்ரவரியில் இருந்து கோ ரயிலுக்குக் கட்டணம் கட்டியவர் அதே அட்டையோடு நேர எல்லைக்குள் நகரத்தின் பஸ், தெருரயில், சுரங்க ரயில் எல்லாவற்றையும் நடத்துகிற ரி.ரி.சி.யில் ஏறினால் இரண்டாவது தடவை கட்டத் தேவையில்லை. யூனியனில் இருந்து 509ஆம் இலக்கத் தெருரயில் எக்ஸின் பக்கத்திலேயே கொண்டுபோய் விடுகிறது. லேக்‌ஷோர் மேற்குப் பாதையில் ஏறினால் எக்ஸிபிஷன் நிலையம் கண்காட்சி மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு ரி.ரி.சி.யிலும் கோ ரயிலிலும் கட்டணமே இல்லை. நாலு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விடயம்!

இதை நான் சொல்லும்போது பெற்றோர் ஆச்சரியப்படுகிறார்கள். உண்மையாகவா, காரை இலவசமாக விடலாமா, பிள்ளைகளுக்குக் காசில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இருபது வருடமாக இங்கே வரி கட்டுகிறவர்கள் அவர்கள். விழாவின் அறிவித்தல்களிலோ, பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துங்கள் என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அந்த ஒரு வரி ஒருவரையும் வீட்டு வாசலைத் தாண்ட வைக்காது. எந்த நிலையத்தில் விடுவது, எந்த நேர ரயில், கடைசி ரயில் எத்தனை மணிக்கு, தள்ளுவண்டியோடு எந்தப் பெட்டியில் ஏறுவது, இவ்வளவும் தமிழ் வானொலியில், கோவில் அறிவித்தல் பலகையில், மளிகைக் கடை வாசலில் இருக்க வேண்டும். நகரசபையிடம் தமிழில் தகவல் கேட்டால் அதன் 311 தொலைபேசிச் சேவையில் மொழிபெயர்ப்பாளர் வருகிறார். நல்லது. ஆனால் ஒருவர் கேட்டுப் பெறுகிற தகவலும், தானாக வீட்டுக்கு வந்து சேர்கிற தகவலும் ஒன்றல்ல.

காரில் வருகிற நாங்களும் செய்ய வேண்டியது உண்டு. ஒரே தெருவில் இருந்து மூன்று வீட்டார் மூன்று காரில் போகத் தேவையில்லை. யாருடைய டிரைவ்வேயையும் மறிக்கக் கூடாது, அரை நிமிடத்துக்கும் கூடாது. பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டால் அதை வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக விட்டுவர வேண்டும். இதை எங்கள் அமைப்புகள் தங்கள் மேடையிலேயே சொல்லும் என்று நம்புகிறேன். திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு ஊர் எல்லையிலேயே தண்ணீர்ப்பந்தல் போட்டுக் காத்திருந்த சனங்கள் நாங்கள். வருகிறவரை எப்படி வரவேற்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தொண்டர்கள் நாங்கள் தருவோம். காலை ஏழு மணிக்கே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு தரிப்பிட வாசலில் நிற்க, பள்ளிக்கூடத் தொண்டு மணித்தியாலம் தேடுகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளி முடிக்க 40 மணி நேரத் தொண்டு வேண்டும். அதில் ஒரு பங்கை இங்கேயே செய்யட்டும்.

செலவைப் பற்றி நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். தரிப்பிட அதிகாரசபையின் வருமானத்தில் செலவு போக மிஞ்சுவதில் பெரும் பங்கு நகரத்துக்குத்தான் வருகிறது. விழா நாட்களில் அந்த வருமானமும் கூடுகிறது. அதில் ஒரு சிறு பகுதியை அதே விழாக்களுக்கு வருகிற சனங்களின் பஸ்ஸுக்குக் கொடுங்கள் என்று கேட்பது நியாயமானது. கட்டணமும் வாங்கலாம். காரை விடுவதற்கும் சுற்று பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு ஒரு தொகை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். எங்கள் ஆட்கள் இலவசத்துக்காகக் காத்திருக்கவில்லை. எவ்வளவு என்று முதலிலேயே தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

ஒரேயடியாக எல்லா விழாவுக்கும் செய்யச் சொல்லவில்லை. ஸ்காபரோவில் நடக்கிற ஒரு தெருவிழாவோடு தொடங்குங்கள். இரண்டு தரிப்பிடம், மூன்று பஸ், இரண்டு முனையிலும் இறக்கும் இடம், ஒரு வாரம் முன்பே தமிழிலும் மற்ற மொழிகளிலும் ஒரு பக்க அறிவித்தல். எத்தனை கார் வந்தது, எத்தனை பேர் பஸ்ஸில் ஏறினார்கள், பக்கத்துத் தெருக்களில் எத்தனை முறைப்பாடு வந்தது என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கை ஒளிக்காமல் எங்களுக்கும் காட்டுங்கள். சரிவரவில்லை என்றால் எங்கே பிழைத்தது என்று சேர்ந்து யோசிப்போம்.

இதை ஜூலையில் பேசத் தொடங்கினால் நேரம் போதாது. பள்ளிக்கூட இடத்துக்கு ஒப்பந்தம், காப்புறுதி, பஸ் சாரதிகளின் வேலை அட்டவணை, சுரங்க ரயில் மூடும் நாட்கள் எல்லாம் மாதக்கணக்கில் முன்பே தீர்மானமாகின்றன. பனி கொட்டுகிற ஜனவரியிலேயே ஒரு கூட்டத்தை ஸ்காபரோவில் வையுங்கள். பின்னேரம் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். நகரசபை, தரிப்பிட அதிகாரசபை, ரி.ரி.சி., கல்விச் சபைகள், விழா அமைப்பாளர்கள், பக்கத்துத் தெருக்களில் குடியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருக்கட்டும். தேதியை அறிவித்தால் நாங்கள் வருவோம். அந்தக் கட்டடத்தில் காரை எங்கே விடலாம் என்பதையும் அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் குடியிருக்கும் ஒரு தமிழர்